கதவைத் தட்டாத வெய்க்கோ

வடகோடியில், பனிக்காட்டுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதென்றால் காரணம் வேண்டும். வீடு தீப்பற்றினால் போகலாம். யாராவது செத்தால் போகலாம், அதுவும் காப்பி நேரம் பார்த்து. மற்றபடி அடுத்தவரை அவர் பாட்டுக்கு விடுவதுதான் மரியாதை. இந்த மரியாதையில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் வெய்க்கோ.

காட்டில் மரம் வெட்டும் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. மகள் ஹில்க்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை. தன் சின்னப் பையனோடு அப்பா வீட்டிலேயே இருந்தாள். குளிர்காலம் முழுக்க வெய்க்கோவுக்கு ஒரு வேலை உண்டு. பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைக் கட்டி இழுத்து, ஏரியைச் சுற்றி, காலில் நீளப் பலகை மாட்டிச் சறுக்கும் ஸ்கீ ஓட்டத்துக்குத் தடம் போடுவான். யாரும் அவனைக் கேட்டதில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை. நாங்கள் அந்தத் தடத்தில் ஓடுகிறோமே, அதுவே நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

இப்படி இருக்கையில் பள்ளிக்கூடத்துக்குக் கேடு வந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் மூடிவிடுவோம் என்று ஊராட்சி சொல்லிவிட்டது. மூடினால் ஹில்க்கா வேலை தேடி ஊலு நகரத்துக்குப் போக வேண்டும். பேரனும் போவான். வெய்க்கோ தனிக்கட்டை. பள்ளி டாக்சி ஓட்டும் என் பிழைப்பும் போகும்தான், ஆனால் என் கதை கிடக்கட்டும்.

ஹில்க்கா உட்கார்ந்து ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் எழுதினாள். சுத்தமான காற்று, அக்டோபர் முதல் மே வரை பனி, வாசலிலிருந்தே ஸ்கீ தடம், மீன் நிறைந்த ஏரி, தொந்தரவில்லாத அமைதி.

படித்துவிட்டு, "கொசுவை விட்டுட்டியே?" என்று கேட்டேன்.

"ஜூலை வந்தா அதுவே வந்து அறிமுகப்படுத்திக்கும் ஔனே அக்கா" என்றாள்.

அதை நம்பி ஒரு குடும்பம் வந்தே விட்டது. பெத்ரா, கணினியில் வேலை பார்க்கும் அவள் கணவன், இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடம் பிழைத்தது. பெத்ரா கரேலியப் பக்கத்துக்காரி. அங்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த பிறகுதான் காலை வணக்கமே சொல்வார்கள். அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தீயணைப்புக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டோம். வெய்க்கோ தன் வாழ்நாளில் முதல் முறையாக எழுந்து நின்று பேசினான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அவங்க அமைதி தேடி வந்திருக்காங்க. சும்மா சும்மா போய்க் கதவைத் தட்டி உயிரை வாங்கக் கூடாது. அவங்களா வந்தா பேசுவோம்."

"நான் கேக் சுட்டு வச்சிருக்கேனேப்பா."

"நீயே தின்னு ஔனே."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தினமும் டாக்சியில் ஏற்றி இறக்கியபோதும், பெல்ட் போடு என்பதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஹில்க்காவும் வகுப்பில் பாடத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருஷக் குளிர்காலம் எங்கள் முகத்தில் கரியைப் பூசியது. நவம்பரில் விழுந்த பனியை மழை வந்து கரைத்துக்கொண்டு போயிற்று. டிசம்பரில் மழை! ஏரியில் உறைந்த பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது. சாலையில் நடந்தால் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும். எங்கள் டிசம்பரில் பகல் என்பது மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிற விருந்தாளி. பனி கிடந்தால் அந்த இருட்டில் தரையாவது வெளுப்பாக இருக்கும். அதுவும் இல்லை. பெத்ரா வீட்டு வாசலில் பிள்ளைகளின் புது ஸ்கீக்கள் ஈரச் சுவரில் சாய்ந்தே கிடந்தன.

வெய்க்கோவுக்குப் பொறுக்கவில்லை. வடக்குச் சரிவில் மர நிழலில் மிச்சமிருந்த பனியை மண்வாரியால் வாரிக்கொண்டு வந்து, அவர்கள் வாசற்படியிலிருந்து காட்டோரம் வரைக்கும் தடம் போட்டான். அவர்கள் விழிப்பதற்குள் முடித்துவிடுவான். சத்தம் கேட்டுவிடுமே என்று வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுப் பனியைச் சாக்கில் அள்ளித் தோளில் சுமந்தான். படியில் வழுக்காமலிருக்க மணல் தூவினான். சில நாள் புகையில் வாட்டிய மீனைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டு வந்தான். உள்ளே விளக்கு எரிந்தால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வான்.

"இவ்வளவும் பண்றீங்க, உள்ள போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்தா என்னப்பா?" என்று ஹில்க்கா கேட்டாளாம்.

"அவங்க கூப்பிடலையே" என்றானாம்.

பிப்ரவரியில் ஒருவழியாக முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்தது. அந்த வாரமே அவர்கள் வீட்டு முன்னால் சாமான் ஏற்றும் லாரி வந்து நின்றது. பிள்ளைகளை அழைக்கப் போன நான் திகைத்துப்போய் நின்றேன். ஏரியில் தடம் போட்டுக்கொண்டிருந்த வெய்க்கோ ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். கதவு திறந்தே இருந்ததால் அன்றைக்கும் அவன் தட்ட வேண்டியிருக்கவில்லை.

"கிளம்பிட்டீங்களா?"

பெத்ரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"வெய்க்கோ. அக்கரையில இருக்கேன். இந்தத் தடமெல்லாம் நான் போட்டதுதான்."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானா அது? விடியறதுக்கு முன்னாடி யாரோ வர்றாங்க. விளக்கைப் போட்டா மறைஞ்சிடறாங்க. படி வரைக்கும் காலடி வந்து அப்படியே திரும்பிப் போகுது. என் பொண்ணுங்க பயந்து எங்க கட்டில்லயே வந்து படுத்துக்கிச்சுங்க. யார்கிட்ட போய்க் கேக்கறது? இந்த ஊர்ல யாரு வாயைத் திறக்கறாங்க? நாங்க இங்க இருக்கறது யாருக்கோ பிடிக்கலைன்னுதானே நினைச்சோம்!"

வெய்க்கோ தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "அந்த மீனு... சாப்பிட்டீங்களா?"

"தூக்கிப் போட்டேன். அதுல என்ன கலந்திருக்கோன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதேன்னுதான்..."

"பண்ணியிருக்கலாமே! ஒரே ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாமே!" பெத்ரா அழுதுகொண்டே கத்தினாள். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரிந்தது. என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். வேறு ஊரில் வீடு பேசி முடித்தாகிவிட்டது. மதியத்துக்குள் லாரி போய்விட்டது. எனக்கு அவள் மேல் துளிக் கோபமும் வரவில்லை. வந்ததெல்லாம் எங்கள் மேல்தான், அந்தப் பாழாய்ப்போன மரியாதையின் மேல்தான்.

வசந்தத்தோடு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆகஸ்டில் ஹில்க்கா மூட்டை கட்டினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து சொன்னாள்: "அப்பா வாயைத் திறந்து 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் அக்கா. முதியோர் இல்லத்துல சமையலுக்கு ஆள் கேக்கறாங்க, அந்த வேலைக்குப் போய்க்கிட்டு இங்கயே இருந்துடுவேன். நானா கேட்டா அவருக்குப் பாரமா இருக்கேன்னு ஆகிடும்."

அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

காலையில் வெய்க்கோ அவள் காரின் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்தான். எண்ணெய் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். பேரன் பின் இருக்கையில் ஏறிவிட்டான். ஹில்க்கா கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். என் வாசலிலிருந்து பார்த்த எனக்கு, சொல்லித் தொலையேண்டா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"அப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

வெய்க்கோ சாலையைப் பார்த்தான். "வழியில கலைமான் குறுக்க வரும். பாத்துப் போ."

கார் போய்விட்டது. நான் பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் காரணமில்லாமல் ஒரு வீட்டு வாசலுக்குப் போனேன். அவன் கையில் துணியோடு இன்னும் அங்கேயே நின்றிருந்தான்.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இருந்திருப்பாளேடா, பாவி!"

"எனக்கும் ஆசைதான் ஔனே" என்றான். "ஆனா அவ வாழ்க்கை அது. தொந்தரவு பண்ணலாமா?"