அக்கா வீட்டுச் செங்கல்

முக்கூடல் பக்கத்தில் ஒரு சேம்பரில், அதாவது செங்கல் சூளையில், பதினைந்து வருடமாக மண் எந்திரம் ஓட்டுகிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு காலத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. குளத்து மண்ணை மேலே கொட்டினால் இரண்டு இரும்பு ரோலர்கள் அதை நசுக்கும். பிசைந்த மண் கீழே நீளப் பாளமாக வெளியே வரும். கம்பி இறங்கி ஒரே அளவில் வெட்டும். வெட்டிய கல் காய்ந்து சூளைக்குள் போகும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கம்பியைத்தான் பார்ப்பார்கள். காரியம் இருப்பது ரோலர்களில்.

எங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான் கல் உண்டு. பட்டாணி அளவில் சுண்ணாம்புக் கல். ரோலர்களை நெருக்கி வைத்தால் அது மாவாகிவிடும், கெடுதல் இல்லை. விலக்கி வைத்தால் முழுசாகச் செங்கல்லுக்குள் போய் உட்காரும். சூளையில் வெந்தபின் எப்போது ஈரம் பட்டாலும் பொங்கிக் கல்லை வெடிக்க வைக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அத்தான் போன பிறகு அக்கா பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். கடைசியில் தனக்கென்று ஒரு வீடு ஆரம்பித்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டுவிட வேண்டும் என்று தினமும் என்னிடம் கல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல் வெட்டுகிற வாரம் பார்த்து மண் ஈரமாக வந்தது. ரோலர் அடைத்து அடைத்து மோட்டார் நின்றது. அக்கா வீட்டுக் கல்லாயிற்றே, தாமதமாகக் கூடாதே என்று ஸ்பேனரை எடுத்து ரோலர்களை விலக்கினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. அதன்பின் எந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. சாயங்காலம் அவளிடம் போய், "முடிஞ்சுட்டுக்கா" என்றேன், பெரிய இவன் மாதிரி.

முதல் மழைக்காலத்திலேயே சுவர்ப்பூச்சு வட்டம் வட்டமாகக் கழன்று விழுந்தது. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. அக்கா அந்தச் சுவரைப் பூசிய கொத்தனாரை வரவழைத்தாள். நானும் இருந்தேன். அவர் வயதானவர், அளந்து பேசுகிறவர். குழியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பூச்சுல குத்தமில்ல தாயி. கல்லுக்குள்ள சுக்கான் கெடக்கு."

அக்காவுக்கு வந்ததே கோபம். "என்னவே சொல்லுதீரு? எந்தம்பி கைப்படச் செஞ்ச கல்லுவே அது! மணலக் கொட்டிப் பூசிட்டு இப்பம் கல்லு மேல பழியப் போடுதீரா?"

தெருவே கூடிவிட்டது. கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவர் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதன்பின் அந்தத் தெருவில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று மழைக்காலம் நானே சிமெண்ட் வாங்கிக்கொண்டு போய்ப் பூசினேன். பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது வெடித்தது. "எந்தம்பி இல்லன்னா இந்த வீட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

போன கார்த்திகையில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அடுப்படிச் சுவரில் ஒரு செங்கல்லின் முகமே உடைந்து விழுந்திருந்தது. அக்கா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ரோலரை விலக்கியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"இன்னும் எத்தன கல்லுல கெடக்கும்?"

"எல்லாத்துலயும் இருக்கும்க்கா."

"எடுக்க முடியாதா?"

"சுவர இடிச்சாத்தான் முடியும்."

வீட்டை நினைத்து அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"வீடு கெடக்கட்டும். அந்த மனுசன நடுத்தெருவுல நிக்கவச்சு என்ன பேச்சுப் பேசினேன்! நீ பக்கத்துலதானலே நின்ன?"

குழைத்து வைத்திருந்த சிமெண்ட் சட்டியைக் கையில் எடுத்தேன்.

"அத அங்கனயே வையி" என்றாள். "விழுறது விழட்டும். இனிமே நீ பூச வராத."