ஹிஸ்கேயின் பதினாறு அங்குலச் சக்கரங்கள்

ஹிஸ்கே ரீன்ட்ஸ் ஒரு பழைய கேம்பர் வேன் வைத்திருந்தாள். இரண்டு பேர் படுக்கக் கட்டில், இரட்டை அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மேலே தூக்கித் திறக்கும் கூரை எல்லாம் அதில் உண்டு. இதில் ஏறினால் நார்வேயின் கடைசி முனை வரை போய்வரலாம் என்று விற்றவன் சொன்னான். ஹிஸ்கே வருடத்துக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் ஒரு மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட்டு வருவாள். அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை. கடலோரச் சமவெளியான எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் முக்கால் மணி நேரம் என்பதே பயணம்தான். அவள் புருஷன் ஒருவன்தான் தூரம் போக ஆசைப்பட்டு ஹானோவருக்குப் போனான். அந்தப் பக்கம் மலை இருக்கிறது என்று காரணம் சொன்னான். மலையோடு ஒரு பல் மருத்துவரும் இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அது பழைய கதை, அதை அவளே பேசுவதில்லை.

அவள் வேலை கால்வாயில் தூக்குப்பாலத்தைத் தூக்குவது. படகு வந்தால் பொத்தானை அழுத்துவாள், பாலம் எழும், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும், ஓட்டுபவர்கள் அவளை மனதுக்குள் திட்டுவார்கள். இருபத்தைந்து வருடமாக ஊரையே காத்திருக்க வைத்தவள். தான் காத்திருப்பது மட்டும் அவளுக்குச் சுத்தமாக ஆகாது.

ஆனால் அந்த மேய்ச்சல் நிலத்தில் அவள் வருடா வருடம் காத்திருந்தாள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே விடுமுறைக்குப் பழைய வேன்காரர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். நிலம் வியார்ட் எய்லர்ஸ் என்ற பால்பண்ணைக்காரருடையது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஓர் அணைக்கரை மட்டும்தான். பெந்தெகொஸ்தேக்கு மழை பெய்யாத வருடம் உண்டா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்பார்கள். மூன்று நாள் மழையில் ஊறிய புல்லில், என்ஜினைப் பின்னால் சுமந்துகொண்டு சின்னச் சக்கரத்தில் நிற்கிற வேன் என்ன செய்யும்? இறங்கும். ஹிஸ்கேயின் வேன் மற்றவர்களுடையதைவிடக் கனம், அவள் பாத்திரம் பண்டத்தைக் குறைக்க மாட்டாள். அதனால் அது அச்சு வரை இறங்கும்.

அப்புறம் வியார்ட் டிராக்டரோடு வருவார். அறுபது வயது, கல்யாணம் ஆகாதவர், ஒரு நாளைக்குப் பேசுவதை எண்ணிவிடலாம். ஒவ்வொரு வேனாகக் கயிறு கட்டி இழுத்துச் சாலையில் விடுவார். ஆளுக்கு ஒரு பெட்டி பீர் கூலி. ஹிஸ்கேயின் வேனை மட்டும் கடைசியில்தான் இழுப்பார். எல்லோரும் கையசைத்துவிட்டுப் போகும்வரை அவள் சேற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளிடம் பீர் வாங்கமாட்டார். "வாங்க, டீ கொதிக்குது," என்பார். அடுக்களையில் ஆளுக்கு மூன்று கோப்பை டீ. எங்கள் பக்கம் மூன்று கோப்பைக்குக் குறைவாகக் குடித்துவிட்டு எழுந்தால் அது அவமரியாதை. முதலில் கற்கண்டு, அதன் மேல் டீ, கற்கண்டு வெடிக்கிற சத்தம், ஓரத்தில் ஒரு துளி பாலாடை. கலக்கக்கூடாது. போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டால் போதும். பசு மாடு, தண்ணீர் மட்டம், பாலத்தில் மாட்டிய படகு என்று ஏதாவது பேசுவார்கள். மூன்றாவது கோப்பையில் ஹிஸ்கே கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புவாள். இப்படிப் பதினோரு வருடம்.

தன்னைக் கடைசியில் இழுப்பது தான் ஓட்டுகிற லட்சணத்துக்குத் தண்டனை என்று அவள் நினைத்திருந்தாள். போதாக்குறைக்குப் போன வருடம் வேன்காரர்கள் கூடி அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். வெள்ளி வண்ணம் பூசிய ஒரு படகு நங்கூரம். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே வியார்டின் அடுக்களையில், இரண்டாவது கோப்பையில் அறிவித்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் பெரிய சக்கரம் மாட்டப் போறேன். உங்களுக்கு இந்தச் சிரமம் இருக்காது."

"சிரமம் ஒண்ணும் இல்லையே."

"இல்ல, முடிவு பண்ணியாச்சு. முதல் ஆளா வெளிய போவேன்."

வியார்ட் கரண்டியை எடுத்து டீயைக் கலக்கினார். பாலாடை, கற்கண்டு எல்லாம் ஒன்றாகிவிட்டது. மனுஷனுக்கு வயசாகிறது என்று ஹிஸ்கே நினைத்துக்கொண்டாள்.

"பதினஞ்சு அங்குலம் போதும்," என்றார் வியார்ட் கடைசியில்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பழைய வேனுக்குப் பெரிய சக்கரம் தேடிப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. இணையத்தில் பழைய வேன்காரர்களின் மன்றம் ஒன்று உண்டு. இப்போதுள்ள பதினான்கிலிருந்து எத்தனை அங்குலத்துக்குப் போகலாம் என்று அப்பாவித்தனமாகக் கேட்டாள். பதினைந்துதான் உத்தமம் என்றார் ஒருவர். பதினாறுக்குக் குறைந்தால் சைக்கிள் வாங்கு என்றார் இன்னொருவர். பதினேழு போட்டவன் ரசனை கெட்டவன் என்று மூன்றாமவர் எழுத, பதினேழு போட்டவர் வந்து சேர்ந்தார். ஊர் ரெண்டுபட்ட பிறகு அவள் கேள்வியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

கடைசியில் பட்டறைக்காரன் ஃபோக்கோவிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"பெருசு வேணும்னா பெருசு மட்டுமா?" என்றான் ஃபோக்கோ. "அஞ்சு போல்ட்டும் ஓட்டையில உட்காரணும். ரிம் ரொம்ப உள்ள போனா பிரேக்ல இடிக்கும், ரொம்ப வெளிய வந்தா மட்கார்டுல உரசும். உன் வண்டி கனத்த தாங்குற டயரா இருக்கணும். சாதா கார் டயர மாட்டினா பாதி வழியில வயிறு வெடிச்சிரும்."

"சேத்துல நிக்குமா?"

"முரட்டுப் பட்டை போட்ட டயர் நிக்கும். ஆனா பெரிய சக்கரம் மாட்டினா வண்டி இழுவை குறையும். மேடு ஏறுறப்ப திணறும்."

"இங்க எங்க மேடு இருக்கு?"

ஃபோக்கோ யோசித்தான். "உன் பாலம் இருக்கே."

"அத நான்தான தூக்குறேன்."

அட்டையில் வட்டம் வெட்டி வேனின் சக்கரக் குழியில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்கள். பதினைந்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. பதினாறுக்கு விரல் நுழைகிற இடம்தான். ஹிஸ்கே நங்கூரத்தை நினைத்தாள்.

"பதினாறு," என்றாள்.

எங்கள் நாட்டில் சக்கரத்தை மாட்டினால் மட்டும் ஆகாது, பரிசோதகர் பார்த்து வண்டிக் காகிதத்தில் பதிந்தால்தான் அது சக்கரம். பரிசோதகர் ஓர் இளம்பெண். வேனின் அடியில் படுத்துப் பார்த்தாள், ஓட்டிப் பார்த்தாள், வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்றாள். ஃபோக்கோ அதைச் சரிசெய்து திரும்பக் கொண்டுபோனான். அப்புறம் அவள் முத்திரை குத்திவிட்டு, இவ்வளவு பெரிய சக்கரத்தோடு எங்கே போகப்போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள். கூசாமல், "கடற்கரைக்கு," என்றாள் ஹிஸ்கே.

ஒன்றை மட்டும் அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். உபரிச் சக்கரம் வேனின் முகத்துக்குக் கீழே ஒரு தட்டில் இருக்கும். பதினாறு அங்குலம் அந்தத் தட்டில் நுழையவில்லை. அதைத் தூக்கி உள்ளே, கட்டிலின் இன்னொரு பாதியில் வைத்தார்கள். அங்கே யாரும் படுப்பதில்லை என்பதால் ஹிஸ்கே ஆட்சேபிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று பார்க்க அன்று ராத்திரி வேனிலேயே படுத்தாள், புரண்டபோது கை டயரில் பட்டது. ரப்பர் ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

பெந்தெகொஸ்தே வந்தது. மழையும் வந்தது. திங்கட்கிழமை காலை எல்லா வேனும் பிட்டம் வரை புதைந்து நின்றன. ஹிஸ்கே என்ஜினைக் கிளப்பினாள். வேன் ஒரு குலுங்கு குலுங்கியது, முரட்டுப் பட்டை புல்லைக் கவ்வியது, பிறகு சந்தைக்குப் போகிற மாடு மாதிரி நிதானமாக நடந்தது. வேன்காரர்கள் குடையின் கீழ் நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும், "ம்," என்றார். எங்கள் பக்கம் அது பெரிய பாராட்டு.

வாயிலில் வியார்ட் நின்றிருந்தார். டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது, தோளில் கயிறு. தலையை வாரியிருந்தார். மழைக் கோட்டுக்குள் இஸ்திரி போட்ட சட்டை தெரிந்தது. கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"போகுது," என்றார்.

"போகுது," என்றாள் ஹிஸ்கே.

"பதினாறா?"

"பதினாறு."

"நல்ல சக்கரம்."

அவ்வளவுதான். சாலையில் திரும்பும்போது பண்ணை வீட்டின் அடுக்களை ஜன்னல் பக்கத்தில் வந்தது. உள்ளே மேஜையில், ரோஜாப் பூப் போட்ட இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நல்லநாள் பெருநாளுக்கு எடுக்கிற கோப்பைகள்.

அணைக்கரைத் திருப்பம் வரை ஓட்டிப்போய் ஓரமாக நிறுத்தினாள். ஜெயித்தாயிற்று, சந்தோஷப்பட வேண்டியதுதான் பாக்கி. அது வரவில்லை. கடைசி ஆளாக இழுத்தால்தானே மற்றவர்கள் போயிருப்பார்கள், மற்றவர்கள் போனால்தானே அடுக்களையில் இரண்டு கோப்பை மட்டும் இருக்கும். இந்தச் சின்னக் கணக்கு அவளுக்கு விளங்கப் பதினோரு வருடமும் பதினாறு அங்குலமும் தேவைப்பட்டிருக்கிறது. வருடம் முழுவதும் அவள் எதிர்பார்த்திருந்தது அந்த மூன்று கோப்பையைத்தான். அதற்குப் போகிற ஒரே வழியை அவளே காசு கொடுத்து, முத்திரை வாங்கி அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, டீ குடிக்க வந்தேன் என்று சொன்னால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் அப்படிச் செய்வதில்லை. ஒரு பெண், தனியாக இருக்கிற ஆணின் வீட்டுக்கு, காரணமே இல்லாமல், வர ஆசையாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு போவதா? ஏணி கடன் கேட்க, முட்டை வாங்க, கன்றுக்குட்டி தப்பிவந்ததைச் சொல்ல என்று ஏதாவது வேலை வேண்டும். ஹிஸ்கேயிடம் வேலையே இல்லை. அவள் வண்டி நன்றாக ஓடியது.

வேன்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போகும்வரை அங்கேயே இருந்தாள். கடைசி வேன் போனதும் வண்டியைத் திருப்பினாள். வாயில் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. நேராக நிலத்துக்குள் விட்டாள்.

மாட்டிக்கொள்வது அவள் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. போன வருடம் புதைந்த இடத்தை வேன் அலட்சியமாகக் கடந்துபோனது. நடுவில் நிறுத்திக் கிளப்பினாள், கிளம்பிவிட்டது. ஃபோக்கோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த டயரை அன்றைக்கு அவள் திட்டியதுபோல யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். கடைசியில் வாய்க்கால் ஓரமாக, பசுவே கால்வைக்காத மூலைக்கு ஓட்டிப்போய், பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டாள். சேறு ஜன்னல் வரை தெறித்தது. வேன் பெருமூச்சு விட்டுப் பின்பக்கம் உட்கார்ந்தது.

வியார்ட் டிராக்டரில் வந்தார். அவசரப்படவில்லை. இறங்கி, நிலத்தைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்த சக்கரத் தடங்களை ஒரு பார்வை பார்த்தார். எங்கே நுழைந்தது, எங்கே நின்றது, எத்தனை தரம் கிளம்பியது எல்லாம் புல்லில் தெளிவாகத் தெரிந்தது.

"இந்த மூலைக்கு மாடுகூட வராது," என்றார்.

"தெரியும்."

"பதினாறு போதல போல."

"போதல."

"நான்தான் அப்பவே பதினஞ்சுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

கயிற்றைக் கட்டினார். வேன் பிடிவாதம் பிடித்துவிட்டு வெளியே வந்தது. இழுத்துக்கொண்டுபோய்ச் சாலையில் விடவில்லை, வீட்டு முற்றத்தில் விட்டார். "வாங்க, டீ கொதிக்குது," என்றார். கொதிக்கவில்லை. உள்ளே போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.

முதல் கோப்பையில் தண்ணீர் மட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவதில் உபரிச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று வியார்ட் கேட்டார். கட்டிலில் என்றாள் ஹிஸ்கே.

"கொட்டகையில இடம் இருக்கு," என்றார். "இங்கயே போட்டு வைங்க."

மூன்றாவது கோப்பை முடிந்தது. ஹிஸ்கே கரண்டியைக் கையில் எடுத்தாள். அதைக் கோப்பைக்குள் போடாமல், தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். வியார்ட் அதைப் பார்த்தார். எழுந்து கெண்டியை எடுத்துவந்து நாலாவது கோப்பையை ஊற்றினார். கோப்பை நிரம்பித் தட்டில் சிந்தியது.

"வர்ற ஞாயித்துக்கிழமை மழைன்னு ரேடியோவுல சொன்னாங்க," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியா," என்றாள் ஹிஸ்கே. "அப்ப மாட்டிக்குவேன்."