ரெண்டாம் நம்பர்காரருக்கு ஓர் அர்ச்சனை

ஜர்னலுக்குக் கட்டுரை எழுதுகிற பிள்ளையைப் பெற்றவளுக்கு அதுவே ஒரு உத்தியோகம் என்று எனக்கு முதலில் சொன்னவர், தானா ராத்தா டவுனில் தையல் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசம், கோவிலில் கூழ் அண்டாவைக் கிளறிக்கொண்டே சொன்னார். அவர் மகன் அப்போதுதான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். "ஊசி போடுற டாக்டரா அக்கா?" என்று கேட்டேன். "இல்லலா, இது பெத்தவங்களுக்கு ஊசி போடுற டாக்டர்" என்றார். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. என் மகள் மலர்விழி கே.எல். என்று நாங்கள் சொல்கிற கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மூட்டை முடிச்சோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

இதே உத்தியோகம் பார்க்கிற அம்மாமார்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜர்னல் என்பது நாம் கடையில் வாங்கிப் படிக்கிற மாதப் பத்திரிகை மாதிரி இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் படிப்பதற்காக எழுதுவது. தேயிலைக் கொழுந்தைக் கொசு மாதிரி ஒரு பூச்சி கடித்தால் இலைக்குள் என்ன நடக்கிறது என்று என் மகள் ஆராய்ந்தாள். அதைப் பற்றி ஒரு கட்டுரையை ஏதாவது ஒரு ஜர்னல் ஏற்றுக்கொண்டால்தான், அவள் தன்னுடைய பெரிய ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவளுக்கு மிச்சம் இருந்தது போன வருஷக் கடைசி வரைக்கும்தான். தவறினால் இத்தனை வருஷப் படிப்பும் பட்டம் இல்லாமல் நின்று போகும். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். எனக்குத் தெரிந்தது சமைக்கிறதும் கும்பிடுகிறதும். ரெண்டையும் குறைவில்லாமல் செய்தேன்.

கேசரி

ஒரு நாள் மத்தியானம், "அம்மா, சப்மிட் பண்ணிட்டேன்!" என்று மேசையிலிருந்து எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் விநாயகர் முன்னால் விளக்கேற்றி, ஒரு சட்டி நிறையக் கேசரி கிண்டி, எங்கள் லயன் வரிசை முழுக்க வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் ஆட்களை மேய்க்கிற மண்டோர். அவரும் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினாராம்.

அந்த வாரமே பதில் வந்துவிட்டது. கட்டுரை தங்கள் ஜர்னலுக்குப் பொருந்தாது என்று, யாருக்கும் படிக்கக்கூட அனுப்பாமல் எடிட்டரே திருப்பிவிட்டார். "அனுப்புறது வேற, ஏத்துக்கிறது வேறம்மா. அதுக்குள்ள யாரு உங்கள கேசரி கிண்டச் சொன்னா?" என்று மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டபடியே வாசலில் வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதி. கேசரிக் கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாது என்று அதில் ரெண்டு மக்காச்சோளம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பரவால்லக்கா, கேசரி நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த ஜர்னலுக்கு முந்திரி மட்டும் கொஞ்சம் சேத்துப் போடுங்க."

ஒரு நேரத்தில் ஒரு வீடு

"ஒண்ணு வேணாம்னா என்ன, நாலு இடத்துக்குச் சேத்து அனுப்பு மா. எவனாச்சும் ஒருத்தன் எடுப்பான்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் மூத்தவன் குமாருக்குப் பெண் தேடியபோது நாலு வீட்டுக்கு ஒன்றாக ஜாதகம் கொடுத்தவர் அவர். மலர் பதறிப் போனாள். ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்குத்தான் அனுப்பலாமாம். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. ரெண்டு இடத்தில் கொடுத்தது தெரிந்தால் பேரே கெட்டுவிடுமாம். அதோடு போகவில்லை. முதல் ஜர்னலுக்கு ஒரு மாதிரி எழுதியதை ரெண்டாவது ஜர்னலுக்காகத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை மாற்றினாள். கமா இருந்த இடத்தில் புள்ளி, புள்ளி இருந்த இடத்தில் கமா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சேலை கட்டிக் காட்டு என்கிற மாதிரி.

"சரி, பதில் எப்ப சொல்லுவாங்க?" என்று அவர் கேட்டார். மாசக்கணக்கில் ஆகலாம், நடுவில் கேட்டாலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பதில் வரும் என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரன் தேவலைடி. அவனாச்சும் வந்து உக்காந்து பஜ்ஜியத் தின்னுட்டுத்தான் வேணாம்னு சொல்லுவான்."

யார் பேர் முன்னால்

கட்டுரையின் முதல் பக்கத்தை மலர் காட்டினாள். அவள் பேர் முதலில் இருந்தது. அவளுடைய பேராசிரியர் பேர் கடைசியில். குமார் கல்யாணக் கார்டில் ஒரு பெரியப்பா பேர் ஒரு வரி கீழே இறங்கியதற்கு அவர் பந்தியில் உட்காராமல் போனதை நான் இன்னும் மறக்கவில்லை. "படிப்புச் சொல்லிக் குடுத்தவர் பேர் கடைசியிலயா? மாத்திப் போடு பாப்பா" என்றேன். இங்கே கடைசிப் பேர்தான் ரொம்ப மரியாதை, நடுவில் இருப்பவர்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை என்றாள்.

அப்படி நடுவில் ஒரு பேர் இருந்தது. யார் என்று கேட்டேன். வேறொரு ஆய்வகத்துப் பெரியவராம். கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. இலைச்சாற்றைச் சோதிக்கத் தன் மெஷினைக் கொடுத்தாராம். "மெஷின் குடுத்ததுக்கா பேரு?" என்று நான் கேட்டுவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஏன், நம்ம கல்யாணக் கார்டுல பந்தல் குடுத்தவன் பேரைப் போடல?"

நட்சத்திரம் தெரியாதவர்

ரெண்டாவது ஜர்னல் கட்டுரையைத் திருப்பவில்லை. ரெண்டு பேரிடம் படிக்கக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு ரிவியூவர் என்று பேர். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஒன்றாம் நம்பர் ரிவியூவர் நல்ல மனுஷர். அருமை, சின்னத் திருத்தம் போதும் என்று எழுதியிருந்தார். ரெண்டாம் நம்பர்காரர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இங்கிலீஷ் சரியில்லை, படம் தெளிவில்லை, இதைச் செய்தவர்கள் அதை ஏன் செய்யவில்லை. அன்றைக்கு மலர் சோறு சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து பதில் எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டே, என்ன எழுதுகிறாய் என்று கேட்பேன். 'தங்களுடைய மதிப்பு மிக்க கருத்துக்கு மிகவும் நன்றி' என்று படித்துக் காட்டுவாள். அடுத்த திட்டுக்கும் அதே நன்றி. அதற்கடுத்ததற்கும். தோட்ட வேலைக்குப் போன முதல் வருஷம் மேனேஜர் துரையிடம் நான்கூட இத்தனை நன்றி சொன்னதில்லை. எல்லாம் திருத்தி அனுப்பினாள். மறுபடியும் மாசக்கணக்காகக் காத்திருப்பு. வருஷம் பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது. நான் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு கோவிலுக்குப் போனேன்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் ஐயர்.

"பேரு தெரியாதுங்க ஐயா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ரெண்டாம் நம்பர்னு மட்டும்தான் தெரியும்."

ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டார். "ஜெயில்ல இருக்காரா?"

"ஐயோ, இல்லீங்க. நல்லாப் படிச்சவரு. என் பொண்ணு கட்டுரைய வச்சிருக்காரு. யாருன்னு நமக்குத் தெரியக்கூடாதாம். அவருக்கு மனசு இளகணும், உடம்பும் நல்லாருக்கணும். காய்ச்சல் கீய்ச்சல்னு படுத்துட்டா இன்னும் லேட்டாகும்."

ஐயர் பூவைக் கையில் அள்ளிக்கொண்டு சொன்னார்:

"சாமி பேருக்கே பண்ணிடுறேன்மா. ஆளு எங்க ஒளிஞ்சிருக்கான்னு அம்பாளுக்குத் தெரியும்."

வாழைப்பழத்துக்கு அடியில்

அம்பாள் கண் திறந்தாள். கட்டுரை திரும்பி வந்தபோது ரெண்டாம் நம்பர்காரர் கொஞ்சம் இளகியிருந்தார். இன்னும் சில திருத்தம் மட்டும் செய்து, குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி சரசுவதி பூசை அன்றைக்கு வந்து விழுந்தது. எனக்கு அது தெரியாது. நானும் கேட்கவில்லை, கேட்டால் அவளுக்குக் கோபம் வருகிறது என்று கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

குமார் லோரியை எடுத்துக்கொண்டு திரிங்காப் ஊருக்குப் போய்ச் சாமந்தி வாங்கி வந்தான். மலர் குளிக்கப் போனாள். நான் சாமி மேடையில் புத்தகங்களை அடுக்கினேன். என் வீட்டுக்காரரின் ஸ்பானர், தேயிலைச் செடி வெட்டுகிற என் பழைய கவ்வாத்துக் கத்தி, குமாரின் லோரிச் சாவி. வீட்டில் பெரிய ஆயுதம் எது? மலரின் லேப்டாப்தானே? அதை நடுவில் வைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிக்கவும், ஈரத் தலையோடு மலர் வரவும் சரியாக இருந்தது.

"அம்மா, என் லேப்டாப் எங்க?"

நான் பெருமையாகக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்குத்தான்மா கடைசி நாளு. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அனுப்ப மட்டும்தான் பாக்கி."

பூசையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதை மீறியதில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். குமாரும் பார்த்தான். நான் சரசுவதி அம்பாளைப் பார்த்தேன். படத்தில் அவள் கையிலும் ஏடு இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லையே என்று அப்போதுதான் கவனித்தேன்.

"பாப்பா, எடுக்காத. அது அங்கயே இருக்கட்டும். நீ அம்பாள் முன்னாடி உக்காந்து அங்கயே அனுப்பு. எடுத்தாத்தானே தப்பு?"

வாழைப்பழத்தை மட்டும் நான் நகர்த்தினேன். மத்தியானத்திலிருந்து மழை, வீட்டு இன்டர்நெட் லைன் போயிருந்தது. குமார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்று, சிக்னல் கிடைக்கிற பக்கமாக, லேப்டாப்புக்கு லைன் கொடுக்கத் தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். "அண்ணே, ஆடாத!" "நான் ஆடலலா, காத்து ஆட்டுது!" மலர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினாள். கடைசியில் அந்த ஜர்னல் கேள்வி மேல் கேள்வி கேட்டது. இது உன் சொந்த வேலைதானா? வேறு எங்கும் கொடுக்கவில்லையே? எழுதியவர்கள் எல்லாரும் சம்மதித்தார்களா? ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்து, ஆமாம் ஆமாம் என்று கட்டத்தில் தட்டிக்கொண்டே போனாள். அவள் விரலில் ஒட்டிய குங்குமம் லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகளில் இன்னும் இருக்கிறது. 'பெற்றுக்கொண்டோம்' என்று திரையில் வந்ததும், என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி முன்னாடி உக்காந்து சத்தியம் பண்ணிக் குடுத்துட்டா. இதுக்கு மேல அந்த ஜர்னலுக்கு என்னதான் வேணும்?"

அந்தப் பக்கம்

கார்த்திகை தீபத்துக்கு விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். நான் கேசரிச் சட்டியைத் தொடவில்லை. மலர் கே.எல். போய், வருஷம் முடிகிறதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "இப்பக் கிண்டலாம்மா" என்று சொன்ன பிறகுதான் ரவையை வறுத்தேன். பார்வதி முதல் வாய் வைத்ததும் முந்திரியைத் தேடிப் பார்த்தாள், தாராளமாக இருந்தது.

கட்டுரை வெளியான கொஞ்ச நாளில் மலருக்கு இன்னொரு ஜர்னலிலிருந்து கடிதம். யாரோ ஒரு பிள்ளை இலைப் பூச்சியைப் பற்றி எழுதியிருக்கிறதாம். நீங்கள் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று. அவளுக்குக் கிடைத்த இடம் ரெண்டாம் நம்பர். அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். புருவம் நெரிந்தது. "என்ன இங்கிலீஷ் இது? படம் ஒண்ணுகூடத் தெளிவா இல்ல!" என்றாள். நான் தேத்தண்ணியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்து எழுது பாப்பா. அந்தப் பக்கம் எந்த அம்மா எந்தக் கோவில்ல தட்டோட நிக்கிறாளோ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள், எழுதியதை அழித்தாள்.

"சரிம்மா, மொதல்ல நல்லாருக்கிறத சொல்றேன். அப்புறமா படத்துக்கு வரேன்."

பூச்சி கடித்தது என்னவோ கொழுந்தைத்தான், தடிப்பு வந்தது எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது யாருக்காவது ரெண்டாம் நம்பராக இருந்தால், சொல்ல வேண்டியதைத் தாராளமாகச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக மட்டும் சொல்லிவிடுங்கள்.