வாளியோடு வந்த கூட்டம்

பாளையங்கோட்டையில் மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் எஸ்றா நடத்தும் பாட்டு அரங்கம் சாகக் கிடக்கிறது என்று சொன்னால் போதும், ஊரே படியேறி வரும். நன்றாக இருக்கிறது என்றால் ஒரு ஈ வராது. கீபோர்டு வகுப்பு, சனிக்கிழமைக் கச்சேரி என்று இளவயசையெல்லாம் அந்த மாடியில் கரைத்தவருக்கு இது புரிவதற்குள், அரங்கத்துக்குப் பணம் திரட்ட நடத்திய மூன்று உதவிக் கச்சேரிகள் முடிந்துவிட்டன.

கண்ணை மறைத்தது அசனம். கிறிஸ்தவக் கோயில் பண்டிகை முடிந்ததும் சபை மொத்தத்துக்கும் போடும் கறிச்சோறு அது. காணிக்கை கேட்டுக் கூப்பிட்ட சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப எஸ்றாவுக்கு மனசு வரவில்லை. கச்சேரிக்கு ஒரு ஆடு விழுந்தது. சனமும் தாராளமாகக் காணிக்கை போட்டது, தாராளமாகத் தின்றது, தூக்குவாளியிலும் கொண்டுபோனது. அரங்கத்துக்கு மிஞ்சியது எலும்பு.

கட்டடக்காரர் அகமது மீரான் நல்ல மனுஷன். தனக்கு வரவேண்டிய வாடகைக்குத் தானே காணிக்கை போட்டவர்.

"செல்போன் கடைக்காரன் இடத்தக் கேக்கான்வே" என்றார். "உதவிக் கச்சேரிக் கூட்டத்த எனக்குக் காட்டாதீரும். சும்மா ஒரு சனிக்கிழம வாரேன். பாட்டுக்குன்னு பத்துப் பேரு இருந்தா இடம் உமக்குத்தான்."

எஸ்றா ஊரெல்லாம் போன் போட்டார். எல்லாரிடமும் ஒரே பதில்: "அடுத்த உதவிக் கச்சேரி எப்பன்னு சொல்லுங்க அண்ணாச்சி, குடும்பத்தோட வாரோம்."

சனிக்கிழமை வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வண்டி ஓட்டும் அஃப்சல், தானே கட்டிய பாட்டுகளை முதன்முதலாகப் பாட, தேய்த்த சட்டையோடு நின்றான். எதிரே நாற்காலிகள் மட்டும்.

எஸ்றாவின் மனைவி ரீபாவால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, வெங்காயமாவது வதக்கட்டா?"

எஸ்றா எழுந்துபோய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவைத்தார்.

வெங்காயமும் கறிமசாலாவும் வதங்கிய வாசம் படியிறங்கித் தெருவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அரங்கம் நிறைந்துவிட்டது. மீரானும் வந்தார். நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பாட்டுக் கேக்க வந்தவன் எதுக்குவே வாளியோட வாரான்?"

எஸ்றா அவசரமாக அஃப்சலைப் பாடச் சொல்லிக் கை காட்டினார்.

அஃப்சலுக்கு எதுவும் தெரியாது. தனக்காக வந்த கூட்டம் என்று நம்பி, ஆற்றில் தண்ணீர் வற்றிய வருசம் வாழை சாய்ந்ததைப் பாடினான். முடிந்தபோது மீரான் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"மனச அறுக்கான்வே, பய" என்றார். பிறகு குரல் தணிந்தது. "ஆனா செல்போன் கடைக்காரனுக்குச் சரின்னு சொல்லிருதேன். கோவிச்சுக்கிடாதீரும்."

பின்வரிசையில் ஒருவர் வாளியைத் தட்டினார். "அண்ணாச்சி, எப்ப எல போடுதிய?"

அடுப்பில் வாசத்துக்கு வதக்கிய வெங்காயம்தான் இருந்தது, சோறில்லை. அஃப்சல் சிரித்த முகத்தோடு எஸ்றாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்றா கீபோர்டில் கையை வைத்தார்.

"இன்னொண்ணு பாடுலே" என்றார். "பைய பாடு. நீளமா பாடு."