தானே புயலன்று நடந்த கூட்டம்

மூன்று வயதில் போலியோ வந்து கொளஞ்சிக்கு வலது கால் சூம்பிப்போனது. அதற்காக யாரிடமும் கையேந்தியவள் இல்லை. பரீட்சை எழுதி, தபால் ஆபீஸில் வேலை வாங்கி, 2005-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தரைத்தளத்தில் ஃப்ளாட்டும் வாங்கினாள். வாசலை ஒட்டிய பொது இடத்தில் அவளுடைய மூன்று சக்கர ஸ்கூட்டர் நிற்கும். நாலு எட்டு வைத்தால் வண்டி. அதற்குமேல் அவளால் ஆகாது.

அதில்தான் மண்ணை அள்ளிப் போட்டான் தட்சிணாமூர்த்தி. குடியிருப்போர் சங்கச் செயலாளர். சிதம்பரத்தில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இங்கே நாட்டாமை பண்ணுகிற ஆசாமி. 2012 ஜூனில் அந்த இடத்தில் செங்கல் இறக்கினான். அவன் மச்சானுக்கு குடோனாம். கேட்டதற்கு, பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாச்சு, நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே என்றான். அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள், துப்புக்கெட்ட ஜனங்கள்.

பதிவான சங்கம் என்பதால் தீர்மானத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருந்தான். கொளஞ்சி மனுப் போட்டு நகல் வாங்கிப் படித்தாள். விசாரணை கேட்டு இன்னொரு மனுவும் கொடுத்தாள்.

விசாரணைக்கு மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தான். இந்தம்மா சண்டைக்காரி என்று ஆரம்பித்தான். வருஷா வருஷம் டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தித்தான் கூட்டம், போன வருஷமும் அப்படியே என்றான். பழைய தீர்மானத்தைப் பார்த்து எழுதி, தேதியை மட்டும் காலண்டரில் பார்த்து மாற்றியிருக்கிறான், மகராசன்.

கொளஞ்சி கட்டையை ஊன்றி எழுந்தாள். அது என்ன தேதி என்று படிக்கச் சொன்னாள்.

பதிவாளர் படித்தார். 2011 டிசம்பர் முப்பது. தானே புயல் கடலூரைப் பிரித்து மேய்ந்த நாள். வீட்டுக் கூரையே நிற்காத அன்றைக்கு இவன் ஷாமியானா கட்டியிருக்கிறான். பதிவாளர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

தேதி தப்பாக விழுந்துவிட்டது என்று மழுப்பினான்.

"தேதிய மாத்திக்கட்டும் சார். மாடிக்கு அறுபது படி, லிஃப்ட் கெடையாது. ஏழு வருசத்துல நான் ஒருநாளும் மேல ஏறுனதில்ல. என்னத் தூக்கிக்கிட்டுப் போனது யாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

தீர்மானம் செல்லாது என்று உத்தரவானது. போலிக் கையெழுத்து விவகாரம் போலீசுக்குப் போனது.

செங்கல்லை அள்ளிய மறுநாள், அக்கம்பக்கத்தார் வாசலில் கூடி, நல்லா கேட்டீங்கம்மா என்று பல்லிளித்தார்கள். கொளஞ்சி வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தாள். விலகி வழி விட்டார்கள்.