தள்ளு எஞ்சின் பிந்தி வந்த நாட்கள்

சூடேறிய இரும்புக்கடியில் மணல் அரைபடும்போது ஒரு மணம் எழும். வெறுஞ்சட்டியில் கல்லுப்பை வறுத்தால் வருமே, ஏறக்குறைய அதுதான், ஆனால் தொண்டையில் இன்னும் கொஞ்சம் கரகரக்கும். என் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அந்த மணம் அவருக்கு முன்னால் வரும். அம்மா அவர் கழற்றிப் போட்ட காற்சட்டையை எடுத்து உதறுவா, பையிலிருந்து மணல் கொட்டும். முதலில் பேசாமல் கூட்டி அள்ளினா. பிறகு ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தா. எங்கள் வாவிக்கரை மணல் கறுப்பு. இது வெள்ளை.

சண்டைக்காலத்தில் நடந்த கதை இது. இங்கே சண்டைக்காலம் என்று சொன்னால் எந்தச் சண்டை என்று கேட்பார்கள், அவ்வளவு பார்த்துவிட்டோம். நான் சொல்வது வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை, யப்பான்காரன் எப்போது குண்டு போடுவானோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஏறாவூரைத் தாண்டி வடக்கே, முன்னால் தண்டவாளமும் பின்னால் வாவியுமாக எங்கள் வீடு இருந்தது. வயல் வட்டைகளில் விளைந்த நெல்லையெல்லாம் அரசாங்கம் வாங்கி, மூட்டை மூட்டையாகச் ‘சாமான் கோச்சி’யில், அதாவது சரக்கு ரயிலில், ஏற்றிக் கொழும்புப் பக்கம் அனுப்பியது. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். அதனால் அந்தக் கோச்சியை யாரும் நல்ல கண்ணால் பார்த்ததில்லை. அதில் வேலை செய்கிறவரையும்தான்.

எங்கள் ஸ்டேசனுக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு ஏற்றம் இருந்தது. முதிரையடி ஏற்றம் என்போம். நடந்து போனால் ஏற்றமென்றே தெரியாது, மாட்டுவண்டிக்குக் கொஞ்சம் தெரியும், சண்டைக்காலத்தில் ஏற்றிய பாரத்துக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு எஞ்சின் இழுத்து ஏறாது என்று, பின்னாலிருந்து முட்டித் தள்ள இன்னொரு எஞ்சினை எங்கள் ஸ்டேசனில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுதான் ‘தள்ளு எஞ்சின்’. அதை ஓட்டியவர் ஒஸ்கார் என்ற பறங்கி டிரைவர், மட்டக்களப்பிலே பிறந்து எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறவர். அதற்கு நெருப்புப் போட்டவர் என் அப்பா.

தள்ளு எஞ்சினைக் கோச்சியோடு கொளுவுவதில்லை. கடைசிப் பெட்டியில் முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். முன் எஞ்சின் இரண்டு கூவல் கூவும், பின்னது இரண்டு கூவல் மறுமொழி சொல்லும், இரண்டும் ஒன்றாக மூச்சுப் பிடித்துக் கிளம்பும். ஏற்றத்தின் உச்சியில் முன்னது ஒரு நீட்டுக் கூவல் கூவினால், பின்னது நீராவியை அடைத்துவிட்டு நிற்கும். கோச்சி தன்பாட்டில் போய்விடும். தள்ளு எஞ்சின் பின்பக்கமாகவே உருண்டு ஸ்டேசனுக்கு வரும். போகும்போது ஸ்டேசன் மாஸ்டர் ஒரு இரும்புத் தடி கொடுத்து விடுவார். அந்தத் தடி திரும்பி அவர் கைக்கு வரும்வரை அந்தப் பாதையில் வேறு கோச்சி போகக் கூடாது.

அம்மாவிடம் மணிக்கூடு இல்லை. உச்சிக் கூவல் கேட்டதும் மரவள்ளிப் பானையை அடுப்பில் வைப்பா. கிழங்கு அவிந்து வெடிப்பதற்குள் தள்ளு எஞ்சின் வந்து சேர்ந்துவிடும். வெகுநாள் அப்படித்தான் இருந்தது. பிறகு, கிழமையில் இரண்டு நாள் கிழங்கு கரைந்து களியாகியும் எஞ்சினைக் காணோம். அந்த நாட்களில்தான் காற்சட்டைப் பையில் வெள்ளை மணல். அந்த நாட்களில் ஒன்றில்தான் அம்மாவின் அரிதட்டும், மா அரிக்கிற பெரிய அரிதட்டு, காணாமல் போனது.

என் பெரியம்மா பக்கத்து வளவில் இருந்தவ. சந்தேகத்துக்கு நெருப்புப் போடுவதில் அவ என் அப்பாவைவிடக் கெட்டிக்காரி. வேலியில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் கேட்டா: “அங்க மேல என்னகா கிடக்கு? காடுதானே. காட்டுக்க இவ்வளவு நேரம் நிக்கிற எஞ்சினுக்கு ஆர் பாய் விரிக்கிற?”

அம்மா அன்று அப்பாவுக்குச் சோறு, அதாவது கிழங்கு, போட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“அங்க ஒரு குடியும் இல்ல புள்ள,” என்றார் அப்பா. “குரங்கும் முதிரை மரமும்தான்.”

“குரங்குக்கு எதுக்கு என்ட அரிதட்டு?”

அப்பா கிழங்கை மட்டும் பார்த்துக்கொண்டு தின்றார். நானும் தங்கச்சியும் வேறு கணக்கு வைத்திருந்தோம்: காட்டுக்குள் யப்பான்காரன் இறங்கியிருக்கிறான், அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார். பாடசாலை போகாத எனக்கு இப்படியான யோசனைக்கெல்லாம் நிறைய நேரம் இருந்தது.

ஸ்டேசன் மாஸ்டருக்கு இன்னொரு சந்தேகம். போய்ச் சேர்ந்த இடத்தில் நெல் மூட்டை குறைகிறது என்று கடிதம் வந்திருந்தது. இரும்புத் தடி பிந்தி வருவதை அவர் எழுதி மேலே அனுப்பினார். சண்டைக்காலத்தில் அரசாங்க நெல்லில் கை வைத்தால் வேலை மட்டுமல்ல, ஆளும் உள்ளே போகவேண்டும். பெரியம்மா இந்தச் செய்தியையும் வேலிக்கு மேலால் கொடுத்தா. அதைக் கேட்டதும் அம்மா முதல் தடவையாகப் பயந்தா.

ஒரு காலை நேரம் இன்ஸ்பெக்டர் தொரை ஒருவர் வந்து ஸ்டேசன் மேடையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். உச்சிக் கூவல் கேட்டது. அம்மா பானை வைக்கவில்லை. என்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஸ்டேசன் வேலியடிக்குப் போனா. வெகுநேரம் கழித்து எஞ்சின் பின்பக்கமாக உருண்டு வந்தது. நிலக்கரிக்கு மேலே, அப்பா வீட்டில் உடுக்கும் சாரத்தால் மூடி, நாலு சாக்கு. எல்லாம் நெல்லுச் சாக்கு.

இறக்கச் சொன்னார்கள். முதல் சாக்கை அப்பாவும் ஒஸ்காரும் ஆளுக்கொரு மூலை பிடித்து மூச்சு வாங்க இறக்கினார்கள். தொரை கத்தியால் கீறினார். மணல். இரண்டாவதும் மணல். மூன்றாவதும். மாஸ்டரின் முகம் சுருங்கியது. தொரை, மணலை எதற்கடா களவெடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் ஒஸ்கார் மேடையோரத்தில் இருந்த மணல் பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தொரைக்கு முன்னால் நீட்டினார். தண்டவாளத்தில் எஞ்சின் சக்கரம், நாங்கள் சில்லு என்போம், வழுக்கினால் குழாய் வழியாக மணல் விடவேண்டும், அதற்காக ஸ்டேசனுக்கு வருகிற மணல் அது. “தொரை, இத நசிச்சுப் பாருங்க.” தொரை நசித்தார். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. வாவிக்கரை உப்பு மணல், எந்த வெயிலிலும் கசியும், குழாயை அடைக்கும். முந்தின மாதம் ஒருநாள் ஏற்றத்தின் நடுவில் சில்லு வெறுமனே சுற்றி, முழுக் கோச்சியும் பின்னால் வழுக்கியதாம். மாஸ்டரிடம் சொன்னார்களாம், அவர் கேட்கவில்லையாம். அதனால் உச்சியில் நின்று, அங்கே வறண்டு கிடந்த அருவியில், அதாவது சின்ன ஓடையில், மணல் அள்ளி, அரிதட்டில் அரித்து எடுத்தார்களாம். ஒஸ்கார் கீறிய சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி விரல்களை விரித்தார். அது தண்ணீர் போல ஒழுகியது.

“இந்த உப்பு மணலக் கொண்டந்து தாற ஆள் ஆரெண்டு மாஸ்டரிட்டயே கேளுங்க,” என்றார்.

தொரை மாஸ்டர் பக்கம் கிறுகிப் பார்த்தார். மேடையில் நின்ற எல்லாரும் கிறுகினார்கள். மணல் கொண்டுவந்து கொடுத்தது மாஸ்டரின் மச்சான்தான் என்று ஊருக்கே தெரியும்.

நான் மட்டும் கிறுகவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாலாவது சாக்கை எடுத்துத் தோளில் போட்டார். தனியாக. முன்னைய மூன்றையும் இரண்டு பேர் முக்கி இறக்கிய இடத்தில், அதைப் பஞ்சுத் தலையணை போலத் தூக்கிக்கொண்டு எஞ்சினுக்கு மறுபக்கமாகப் போனார். அதை யாரும் கீறவில்லை.

மாஸ்டரை மாற்றினார்கள். நல்ல மணல் வந்தது. அப்பாவுக்கும் ஒஸ்காருக்கும் எச்சரிக்கையோடு போனது. மறுநாள் அப்பா அரிதட்டைக் கொண்டுவந்து, பெரிய காரியம் செய்தவர் மாதிரி அம்மாவின் காலடியில் வைத்தார். அம்மாவும் சிரித்த முகமாகத்தான் எடுத்தா. கவிழ்த்து விளிம்பைத் தட்டினா. வெள்ளை மணல் கொஞ்சம் விழுந்தது. பிறகு, வளையத்துக்கும் வலைக்கும் இடையில் செருகியிருந்த மூன்று நெல்மணி விழுந்தது.

“மா அரிக்கிற தட்டுக்க நெல்லுக்கு என்ன வேலை?”

“கோச்சியில இருந்து வழி நெடுகச் சிந்திக் கிடக்கு,” என்றார் அப்பா. “மணலோட வந்திருக்கும்.”

இருக்கலாம். சாக்கு ஓட்டையால் நெல் சிந்துவது உண்மைதான், காகம் தண்டவாளத்தில் நடந்து பொறுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அம்மா அந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு கோழிக்குப் போட்டா. பெரியம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று முழுக்க அடுப்புக்குப் பின்னால், கூரைக்குள், மூலைக்குள் எல்லாம் தேடினா. நானும் தேடினேன். நாலாவது சாக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்த வருசம் முழுக்க நாங்கள் மரவள்ளிதான் தின்றோம்.

களவெடுத்திருந்தால் வீட்டுக்கல்லவா வந்திருக்கவேண்டும்? அம்மா இதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சாகும்வரை அப்பாவின் உடுப்பை உதறிவிட்டுத்தான் தோய்த்தா.

போன வருசம் ஆஸ்பத்திரிக் காரியமாகக் கொழும்புக்குக் கோச்சியில் போனேன். பேத்தி ஜன்னலோரம் இருத்தினாள். எங்கள் பழைய வீடு நின்ற இடத்தில் பற்றை. ஸ்டேசன் மேடையில் சிமெந்து மட்டும் மிச்சம். தள்ளு எஞ்சின் நின்ற கிளைத் தண்டவாளத்தைச் சண்டைக்காரர் யாரோ, இது மற்றச் சண்டை, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முதிரையடி ஏற்றத்தை டீசல் எஞ்சின் ஒரு செருமலோடு தாண்டியது. முதிரை மரம் ஒன்றுகூட இல்லை. அருவி வறண்டுதான் கிடந்தது, வெள்ளை மணலோடு. அதன் கரையில் இரண்டு தென்னை நின்றது. மிக உயரம், முதுகு வளைந்து, உச்சியில் நாலைந்து ஓலை மட்டும். எனக்கும் அதுகளுக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான் இருக்கும்.

பேத்தி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். தென்னை காட்டுக்குள் தானாக முளைக்காது. ஒரு குடியும் இல்லை என்று அப்பா சொன்ன இடத்தில், யாரோ குடியிருந்து நட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டும்.