கப்பலக்காவுக்குப் பெயர் வந்த கதை

செய்தி வந்தபோது நான் பதுளையில் முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா காலையில போயிட்டாங்கய்யா" என்றான் போனில் மரகதம் அக்காவின் மகன். அழுது முடித்த குரல். அடுத்து அவன் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. "அஞ்சலி பெனர் அடிக்கணும். மரகதம்னு போட்டா யாருக்கும் தெரியாதுங்க. கப்பலக்கான்னே போட்டுறவா?"

"போடு" என்றேன். மீதித் தலை முடியும்வரை கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. வழக்கமாக நான் விரும்பிப் பார்க்கும் முகம்தான்.

கொஸ்லந்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா மரகதம் அக்கா. தொண்ணூறுகளில் ஒருநாள் பார்வையிட வந்த தோட்டத் துரையின் சப்பாத்தை ஒரு குழந்தை மூத்திரம் பெய்து நனைத்துவிட்டது. "புடிச்சவங்க மேலதான் தொரை இது பேயும்" என்றார் அக்கா. துரையே சிரித்துவிட்டார். அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவதில் அக்காவுக்கு அப்படியொரு வேகம்.

வருடா வருடம் கதிர்காமத்துக்கு ஆள் சேர்ப்பவரும் அவர்தான். சாமி கும்பிட்டதும் வேறெங்கும் நுழையாமல் வீடு திரும்புவது எங்கள் வழக்கம். அம்பாந்தோட்டையில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த வருடம் அதைக் கெடுத்தவன் நான். எங்கள் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு லொறி ஏற்றி அனுப்புகிறவன் என்பதால், துறைமுகம் பற்றி நான் சொன்னால் தோட்டமே நம்பும். கொழும்புக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

"அக்கா, ஐரோப்பாவுக்குப் போற கப்பலெல்லாம் நம்ம தெற்குக் கரையை ஒட்டித்தான் போகுது. பெரிய கப்பல் ஒதுங்கி எண்ணெய் போட ஆழமான எடம் வேணும்" என்றேன். அதுவரை பேப்பரில் படித்தது. "லயத்து வீடு மாதிரி வரிசை வரிசையாக் கப்பல் நிக்கும், கூட்டிட்டு வாங்க" என்றது என் சொந்தச் சரக்கு.

வேனில் போய் இறங்கினால் பெரும் பள்ளம். கடலை அணை போட்டு மறித்து, நிலத்தைத் தோண்டி, கடைசியில்தான் தண்ணீர் விடுவார்களாம். பஸ் பஸ்ஸாக வந்த சனம் துறைமுகத்தின் அடித்தரையில் நடந்துகொண்டிருந்தது.

"கிளாக்கரையா, கப்பல் எங்க?"

"மொதல்ல தண்ணி எங்கன்னு கேளுடா!"

"இது கடல் வத்துற நேரம். சாயந்தரம் ஏறும்" என்றேன்.

தமிழ் தெரிந்த காவலாளி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேன் நிறைய முகங்கள் என் பக்கம் திரும்பின. "ஐயா நெசமாவே ஹாபர் பாத்திருக்கீங்களா?" என்று ஒரு குரல்.

"அவரப் போட்டு நோண்டாதீங்க" என்றார் அக்கா. "தண்ணி விடலன்னு ஐயா அப்பவே சொன்னாரு. நான்தான் காதுல வாங்காம, கப்பல் நிக்குதுன்னு உங்கள இழுத்தாந்தேன். என்னையக் காட்டிக் குடுக்க மனசில்லாம ஏதோ சமாளிக்கிறாரு."

என் பொய்யைப் பெருந்தன்மையாக்கிவிட்டார். வெல்லவாய தாண்டி மலையேறுவதற்குள் அவருக்குக் கப்பலக்கா என்று பெயர் வைத்தாகிவிட்டது. வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.

இறங்கும்போது "அக்கா..." என்று இழுத்தேன்.

"விடுங்கய்யா. எங்களுக்கு வெக்கம் பழகிப்போச்சு. ஒங்களுக்கு இன்னும் பழகல, தாங்க மாட்டீங்க."

பிறகு அங்கே தண்ணீர் விட்டார்கள், கப்பலும் வந்தது. அக்கா மறுபடி போகவில்லை. சாவு வீட்டில் பெனரைப் பார்த்த ஒரு சிறுமி, "இவங்க கப்பல்ல வேல செஞ்சாங்களா?" என்று கேட்டாள். யாரோ அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அப்போதும் நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை அறிந்தவர்களே, மகனிடம் நடந்ததைச் சொல்லி, கருமாதிக் கார்டில் மரகதம் என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன். கப்பல் என்ற பட்டத்தை நான் வைத்துக்கொள்கிறேன். வழியில் என்னைக் கண்டால் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். எனக்கும் பழக வேண்டும்.